காதலைச் சொன்ன பிறகு என்ன ஆகிறது?

அனிமே என்னும் ஜப்பானிய அசைபடங்களைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி இது: "சண்டை, மாயம், வேற்றுலகம் எல்லாம் பார்த்து அலுத்துவிட்டது. காதல் அனிமே பார்க்கத் தொடங்கினேன். பன்னிரண்டு வாரம் காத்திருந்தால் கடைசி அத்தியாயத்தில்தான் பிடித்திருக்கிறது என்று சொல்கிறார்கள். சிலவற்றில் அதுவும் இல்லை. ஏன் எல்லாமே இப்படி? இப்போது ஓடுகிறவற்றில் எதைப் பார்க்கலாம்?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2026 ஜனவரியில் தொடங்கிய ‘செய்ஹன்தாய் நா கிமி டோ போகு’ தொடரைப் பாருங்கள். ‘நேரெதிரான நீயும் நானும்’ என்று பொருள். அகசாவா கோச்சா 2022 முதல் 2024 வரை ‘ஷோனென் ஜம்ப் பிளஸ்’ தளத்தில் வரைந்த மாங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், அனிமே வடிவம் இது. சுசுகி வகுப்பில் எல்லோரோடும் கலகலவென்று பேசுகிற பெண். ஆனால் மற்றவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற கணக்கு அவள் மனதில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து இருக்கையில் இருக்கும் தானி அதிகம் பேசமாட்டான். பேசினால் நினைத்ததை நினைத்தபடி சொல்லிவிடுவான். இருவரும் கதையின் தொடக்கத்திலேயே காதலர்கள் ஆகிவிடுகிறார்கள். கடைசியில் வரவேண்டியது முதலிலேயே வந்துவிட்டதே, மீதி வாரங்களுக்கு என்ன செய்வார்கள் என்று தோன்றும். அந்த மீதிதான் கதை.

ஜப்பானிய மொழியில் ‘காற்றைப் படிப்பது’ என்றொரு வழக்கு உண்டு. ஓர் இடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் நிலவுகிற மனநிலையைப் புரிந்துகொண்டு அதற்கேற்ப நடந்துகொள்வது. நாம் குறிப்பறிதல் என்று சொல்வதற்கு மிக அருகில் வருகிறது. சுசுகி அதில் கைதேர்ந்தவள். அந்தத் திறமையே அவளுக்குச் சுமையாகவும் இருக்கிறது. எல்லோருடைய குறிப்பையும் அறிகிறவளுக்குத் தன் விருப்பத்தைச் சொல்ல வாய் வருவதில்லை. காற்றைப் படிக்கத் தெரியாதவனைப் போலத் தோன்றும் தானி அவளுக்கு ஏன் ஆறுதலாக இருக்கிறான் என்பதை இந்தத் தொடர் சின்னச் சின்ன உரையாடல்களிலேயே காட்டிவிடுகிறது.

இப்போது முதல் கேள்வி. ஏன் எல்லாக் கதைகளும் ‘சொல்லும்’ இடத்தை நோக்கியே ஓடுகின்றன?

ஜப்பானில் ‘கொகுஹகு’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. தன் மனதில் இருப்பதை ஒருவர் மற்றவரிடம் முறைப்படி சொல்லி, என்னோடு பழகுவாயா என்று கேட்பது. அதற்கென்றே நிலைத்துப்போன ஒரு வாக்கியம் உண்டு: "ஸுகி தெஸ். ட்ஸுகியத்தெ குதாஸாய்." முதல் பாதி பிடித்திருக்கிறது என்கிறது, இரண்டாம் பாதி நாம் காதலர்களாக இருப்போமா என்று கேட்கிறது. மற்றவர் சரி என்றால் அந்த நொடியிலிருந்து இருவரும் காதலர்கள். அதற்கு முந்தைய நாள் வரை எத்தனை முறை சேர்ந்து சினிமாவுக்குப் போயிருந்தாலும், மழையில் ஒரே குடையில் நடந்திருந்தாலும் அவர்கள் நண்பர்கள்தான். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு ‘இவர்கள் ஏற்கெனவே காதலர்கள்தானே’ என்று பொறுமை போகும். அந்த ஊர்க் கணக்கில் இன்னும் இல்லை. அதனால்தான் ஒரு முழுத் தொடரும் ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருக்க முடிகிறது.

அந்த ‘ஸுகி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்த இடத்தில் தமிழ் அறிந்தவர்களுக்கு ஆங்கிலச் சப்டைட்டிலை விட ஒரு பிடி கூடுதலாகவே கிடைக்கிறது. ஸுகி என்பதற்கு நேர் தமிழ் ‘பிடிக்கும்’. இட்லி பிடிக்கும், மழை பிடிக்கும், உன்னைப் பிடிக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். யாருக்கு, யாரை என்று சொல்லாமலே வாக்கியம் முழுமை பெறும். நாமும் வெறும் "பிடித்திருக்கிறது" என்று சொல்லி நிறுத்திவிட முடியும். ஆங்கிலத்தில் அப்படி நிறுத்த முடியாது என்பதால் மொழிபெயர்ப்பாளர் ‘நான்’, ‘உன்னை’ இரண்டையும் போட்டுவிடுகிறார். சொன்னவர் விட்டுவைத்த இடைவெளி அங்கே அடைபட்டுப் போகிறது. ‘ஐஷிதெரு’ என்று காதலுக்கே உரிய கனமான சொல் ஒன்றும் ஜப்பானியத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடக் கதைகளில் அதைக் கேட்பது அரிது. பதினேழு வயதுக்கு அது பெரிய சட்டை.

அந்த இடைவெளியை வைத்தே ஒரு சீசன் முழுவதையும் நகர்த்திய தொடர் ‘கிமி நி தொதொகெ’. ஷீனா கருஹோ 2005 முதல் 2017 வரை வரைந்த மாங்கா. புரொடக்‌ஷன் ஐ.ஜி. ஸ்டுடியோ 2009 அக்டோபரில் முதல் சீசனையும் 2011 ஜனவரியில் இரண்டாவதையும் தந்தது. சவாகோ நீண்ட கருங்கூந்தலும் சோகை முகமும் உள்ள பெண். பேய்ப்படத்தில் வரும் சதாகோவின் பெயரை வைத்து வகுப்பில் அவளைக் கூப்பிடுகிறார்கள். எல்லோருக்கும் பிரியமான கசேஹயா அவளிடம் இயல்பாகப் பேசுகிறான். இரண்டாம் சீசனில் இருவருமே பிடித்திருக்கிறது என்ற நிலைக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் உன் ‘பிடிக்கும்’ வேறு, என் ‘பிடிக்கும்’ வேறு என்று ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டு விலகி நிற்கிறார்கள். முதல் முறை பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, ஒரு வார்த்தை விளக்கிச் சொன்னால் தீர்ந்துபோகுமே என்று. மறுபடி பார்த்தபோதுதான் புரிந்தது: தன்னை ஒருவருக்குப் பிடிக்கும் என்பதையே நம்ப முடியாத பெண் அவள். அந்தச் சொல்லை அவள் எப்படி நேராக எடுத்துக்கொள்வாள்?

இது பண்பாட்டுக் காரணம். இன்னொன்று தொழில் சார்ந்தது.

ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஆண்டை ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்காகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு காலாண்டுக்கு ஏறத்தாழ 12 அல்லது 13 அத்தியாயங்கள். அதை ‘கூர்’ என்பார்கள். பெரும்பாலான அனிமேக்களைத் தயாரிப்புக் குழு ஒன்று எடுக்கிறது. பதிப்பகம், இசை நிறுவனம், தொலைக்காட்சி நிலையம், பொம்மையும் பொருட்களும் விற்பவர்கள் எனப் பலர் பணம் போட்டுச் சேரும் குழு அது. பதிப்பகத்துக்கு அனிமே என்பது மாங்காவை விற்கும் மிகச் சிறந்த விளம்பரம். மாங்கா இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு அத்தியாயம் எடுத்து, மனம் நிறைகிற ஓர் இடத்தில் நிறுத்தி, மீதியைப் புத்தகத்தில் படியுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். காதல் கதையில் அந்த ‘மனம் நிறைகிற இடம்’ எதுவாக இருக்கும்? கொகுஹகுதான். ஒரு முழுக் கதையின் முதல் மூன்றில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு முடிந்துவிட்டது என்று நாம் எழுந்துவிடுகிறோம்.

மாங்காவை முழுவதும் சொல்லியே தீருவோம் என்று முயன்றதும் உண்டு. ‘ஹோரிமியா’வை குளோவர்வொர்க்ஸ் 2021 ஜனவரியில் 13 அத்தியாயங்களில் முடித்தது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வெளிவந்த மாங்காவை அதற்குள் அடைத்ததால், ஒவ்வொரு அத்தியாயமும் ஓட்டமாக ஓடும். விட்டுப்போனவற்றை 2023 ஜூலையில் தனித் தொடராகவே எடுக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது தொடர்தான் எனக்கு அதிகம் பிடித்தது. எதையும் நோக்கி ஓடாமல், விளையாட்டு விழா, சுற்றுலா, வெட்டிப் பேச்சு என்று ஆற அமரப் போகும்.

மாறாக, சொல்லாமல் இழுத்தடிப்பதையே தொழிலாகக் கொண்ட தொடர்களும் இருக்கின்றன. வாடகைக்குக் காதலியை அமர்த்திக்கொள்ளும் இளைஞனின் கதை 2020இல் தொடங்கி 2025இல் நான்காம் சீசனுக்கு வந்துவிட்டது. முதல் சீசனில் இருந்த உயிர் அதில் இப்போது இல்லை. கதைமாந்தர்கள் தயங்குவதற்கு அவர்கள் மனதில் ஒரு காரணம் இருக்க வேண்டும். கதை நீள வேண்டும் என்பதற்காக மட்டுமே தயங்கினால் பார்ப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

‘கிமி நி தொதொகெ’ மூன்றாம் சீசன் 2024 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து! 2011இல் நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். அறைத் தோழனின் மடிக்கணினியில், விளக்கை அணைத்துவிட்டு, மூன்று பேர் ஒரே திரையில் பார்த்தோம். 2024இல் மறுபடி சவாகோவைப் பார்த்தபோது அவள் அதே பள்ளிச் சீருடையில் இருந்தாள். முந்தைய சீசன் முடிந்த இடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று அன்று நினைத்தேன். காதலர்களான பிறகு கையைப் பிடிப்பதா வேண்டாமா என்று இருவரும் படும் பாடும், அவள் வீட்டில் அவன் அறிமுகமாகும் தடுமாற்றமும் மாங்காவில் அத்தனை ஆண்டுகளாகக் காத்திருந்திருக்கின்றன. காதலைச் சொல்வதற்கு முன் இருந்த அச்சம் சொன்ன பிறகு தீருவதில்லை. வேறு வடிவம் எடுக்கிறது. இவ்வளவு நல்ல பகுதியை ஒரு தலைமுறை பார்வையாளர்கள் பார்க்காமலே போனார்களே என்று வருத்தமாக இருந்தது.

இந்தக் கதைகளைப் பார்க்கும்போது இன்னொன்றையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. குடும்பப் பெயரோடு ‘சான்’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்ப்பது ஒரு தொலைவு. ‘குன்’ வேறொரு தொலைவு. குடும்பப் பெயரை விட்டுச் சொந்தப் பெயரைச் சொல்வது ஒரு வாசலைத் தாண்டுவது. நம் மொழியில் ‘நீங்கள்’ ஒருநாள் ‘நீ’ ஆகும்போது நெஞ்சு ஒரு நொடி நின்று ஓடுகிறதே, அதேதான். பல மொழிபெயர்ப்புகளில் தொடக்கம் முதலே சொந்தப் பெயரைப் போட்டுவிடுவதால் அந்த மாற்றம் நடந்ததே தெரியாமல் போகிறது. ஆகவே முதல் தடவை ஜப்பானிய ஒலியோடு பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2025 ஜூலையில் இதை ரசிக்க ஓர் அருமையான வாய்ப்பு கிடைத்தது. ஒரே ஸ்டுடியோவான குளோவர்வொர்க்ஸின் இரண்டு காதல் தொடர்கள் சனிக்கிழமை நள்ளிரவில் அடுத்தடுத்து ஒளிபரப்பாயின. ஒன்று ‘சோனோ பிஸ்கு டோல்’ இரண்டாம் சீசன். கோஜோ வகனா, பெண் குழந்தைகளுக்கான விழாவில் அலங்கரித்து வைக்கும் ஹினா பொம்மைகளைச் செய்யும் தாத்தாவிடம் வளர்ந்தவன். சைதாமா மாநிலத்தின் இவத்சுகி அந்தப் பொம்மைகளுக்குப் பேர்பெற்ற ஊர். கதையும் அங்கேதான் நடக்கிறது. ஆண்பிள்ளைக்குப் பொம்மை எதற்கு என்று சிறுவயதில் ஒரு தோழி வெறுத்துச் சொன்னது அவனுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. கிடகாவா மரின் அவனிடம் தனக்கு வேடப்புனைவு (காஸ்ப்ளே) உடை தைத்துத் தரக் கேட்கிறாள். அவன் என்ன செய்கிறான் என்பதைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. முழுக் கவனத்தோடு கேட்கிறாள். ஒருவர் உயிராக நேசிக்கும் வேலையை மற்றவர் மதிப்பதிலிருந்து காதல் முளைப்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய தொடர் வேறு எனக்குத் தெரியாது. துணியின் ரகம், பொய்முடியை வெட்டும் முறை, கண்ணுக்கு மை தீட்டுவது எல்லாம் காட்சிகளாகவே விரியும். இத்தனை நெருங்கிய பிறகும் அவனுக்கு அவள் ‘கிடகாவா-சான்’, அவளுக்கு அவன் ‘கோஜோ-குன்’. அந்த மரியாதைக்குள் எவ்வளவு நெருக்கம் ஏறியிருக்கிறது என்பதைக் குரலில்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது ‘கவோரு ஹானா வா ரின் டோ சாகு’. மிகாமி சகா வரைந்த மாங்கா. மதிப்பெண் குறைந்த பையன்கள் படிக்கும் சிதோரி பள்ளியும் வசதியான வீட்டுப் பெண்கள் படிக்கும் கிக்யோ பள்ளியும் சுவரோடு சுவராக இருக்கின்றன. சிதோரியைப் பார்த்த பக்கம் கிக்யோவின் சன்னல் திரைகள் எப்போதும் மூடியே இருக்கும். அந்தத் திரைதான் தொடரின் முதல் காட்சிகளில் என் கண்ணில் நின்றது. ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் வர்க்கத்தைச் சொல்லிவிட்டார்கள். ரின்தாரோ முரட்டு முகமும் ஆஜானுபாகுவான உடம்பும் உள்ளவன். வீட்டில் கேக் கடை. அங்கே வந்து ஆசையாகச் சாப்பிடும் கவோருகோ கிக்யோவில் படிப்பவள் என்று அவனுக்குப் பிறகுதான் தெரிகிறது. இதில் காதலர்களைப் போலவே நண்பர்களுக்கும் இடம் உண்டு. தோழியைக் காப்பதாக எண்ணி ரின்தாரோவை விலக்கப் பார்க்கும் சுபாருவை வில்லியாக்காமல், அவள் அச்சத்துக்கும் காது கொடுத்திருக்கிறார்கள்.

சொல்லும் இடத்தில் முடிவதே குறை என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். ‘போகு நோ கொகொரோ நோ யபாய் யாட்சு’ 2023 ஏப்ரலிலும் 2024 ஜனவரியிலும் இரண்டு சீசனாக வந்தது. இச்சிகாவா தன்னைக் கொடூரமானவனாகக் கற்பனை செய்துகொள்ளும் நடுநிலைப் பள்ளிப் பையன். வகுப்பின் அழகியும் மாடலுமான யமதா நூலகத்தில் ஒளிந்து தின்பண்டம் தின்பதை அவன் பார்த்துவிடுகிறான். ஒருநாள் அவள் முகத்தில் பந்து பட்டு மூக்கில் இரத்தம் வருகிறது. படப்பிடிப்புக்குப் போக முடியாமல் மருத்துவ அறையில் அழுகிறாள். திரைக்கு இப்பால் ஒளிந்திருக்கும் இவனுக்கும் கண்ணீர் வருகிறது. ஏன் அழுகிறோம் என்று யோசித்து, தனக்கு அவளைப் பிடித்திருக்கிறது என்று அந்த இடத்தில்தான் கண்டுபிடிக்கிறான். அதன் பிறகு சொல்வதற்கு 20 அத்தியாயங்களுக்கு மேல் ஆகின்றன. ஆனால் ஓர் அத்தியாயம்கூட வீண் இல்லை. அவன் கடக்க வேண்டிய தூரம் அவளிடம் போகும் தூரம் அல்ல. தன்னை வெறுப்பதிலிருந்து தன்னைச் சகித்துக்கொள்வது வரை உள்ள தூரம். அதைக் கடந்தவன் வாய் திறக்கும்போது தொடர் முடிவது மிகச் சரி.

பள்ளிக்கூடமே வேண்டாம் என்றால், ‘யுபிசாகி டோ ரென்ரென்’ 2024 ஜனவரித் தொடர். கல்லூரி மாணவி யுகிக்குக் காது கேட்காது. அவள் பார்வையில் காட்சி வரும்போது ஒலி அடங்கி, எதிரில் இருப்பவரின் உதடு மட்டும் அசையும். சைகை மொழிக்காகக் கைவிரல்களை வரைந்திருக்கும் அக்கறைக்காகவே பார்க்கலாம். காதலர்களாவது முடிவுக்கு வெகு முன்னரே நடந்துவிடும்.

இன்னும் பெரியவர்களின் காதல் வேண்டும் என்றால் பழையதற்குத்தான் போக வேண்டும். ‘மேசோன் இக்கோகு’, தகஹாஷி ரூமிகோவின் படைப்பு. அனிமே 1986 முதல் 1988 வரை 96 அத்தியாயங்கள். கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்ற கோதாய் குடியிருக்கும் பாழடைந்த விடுதிக்குப் புது மேற்பார்வையாளராக வருகிறாள் கியோகோ, மார்பில் கோழிக்குஞ்சுப் படம் போட்ட ஏப்ரனோடு. இளம் விதவை. இறந்த கணவர் சோயிசிரோவின் பெயரையே அவர்கள் வளர்த்த நாய்க்கும் வைத்துக் கூப்பிடுகிறாள். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் இதை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, கார்ட்டூன் பார்க்கும் வயதா உனக்கு என்று கேட்டபடி வந்து உட்கார்ந்தாள் அக்கா. பிறகு நான் ஊருக்குத் திரும்பும் வரை தினமும் இரவு நான்கு அத்தியாயம் அவளோடுதான். கோதாய் வேலையில்லாமல் அலைகிறான், படிக்கிறான், வயதாகிறான். தயக்கம் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ஆனாலும் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது: ஒருமுறை துணையைப் பறிகொடுத்தவள் அவள். கடைசியில் அவனை ஏற்கும்போது அவள் வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று. தன்னைவிட ஒருநாளாவது கூடுதலாக அவன் உயிரோடிருக்க வேண்டும். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

எங்கே தொடங்குவது என்று ஒரே ஒரு தொடரைச் சொல்லச் சொன்னால், 2017 ஏப்ரலில் வந்த ‘ட்சுகி கா கிரேய்’. மாங்கா எதையும் தழுவாத சொந்தக் கதை. ஃபீல் ஸ்டுடியோ, இயக்குநர் கிஷி செய்ஜி, 12 அத்தியாயங்கள். தலைப்புக்கு ‘நிலா அழகாக இருக்கிறது’ என்று பொருள். காதலிக்கிறேன் என்ற ஆங்கில வாக்கியத்தை அப்படி மொழிபெயர்த்தால் போதும் என்று எழுத்தாளர் நட்சுமே சோசெகி சொன்னதாக ஜப்பானில் ஒரு செவிவழிக் கதை உண்டு. அவர் எழுத்தில் அதற்குச் சான்று இல்லை. கவகோயே என்ற பழைய நகரத்தில் நடுநிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் இருக்கும் இருவர். கோதாரோ, எழுத்தாளர் தசாய் ஒசாமுவைப் படிப்பவன், எழுத்தாளனாக வேண்டும் என்று நினைப்பவன். சந்தோஷம் வந்தால் அறையில் தொங்கும் விளக்குக் கயிற்றைக் குத்துச்சண்டை வீரனைப் போலக் குத்துவான். அகானே ஓட்டக்காரி. பதற்றம் வந்தால் பையில் இருக்கும் சிறிய சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பொம்மையைப் பிசைவாள். இருவருக்கும் நேரில் பேச நா எழாது. இரவில் கைபேசியில் ‘லைன்’ செய்தியாக அனுப்பும் இரண்டு சொற்கள்தான் பேச்சு. நிலாவைப் பார்த்துக்கொண்டே அவன் அவளிடம் கேட்டுவிடுவது மூன்றாம் அத்தியாயத்தில். பதிலுக்காகக் காத்திருக்கும்போது கியோத்தோ சுற்றுலா வருகிறது, ஆசிரியர் அவன் கைபேசியைப் பறித்துவிடுகிறார். அந்தச் சிறிய விபத்து ஊரே பிரிந்தது போல வலிக்கும்.

அதற்குப் பிறகு வரும் எட்டு அத்தியாயங்களும் காதலர்களான பிறகு நடப்பவை: பொறாமை, ஊடல், உயர்நிலைப் பள்ளி எங்கே என்ற கவலை. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் தோயாமா நாவோவின் பாடல் ஒலிக்க, பின்னால் யாரோ இருவரின் லைன் உரையாடல் ஓடிக்கொண்டே இருக்கும். சில செய்திகள் கதையில் வராத நாட்களைப் பேசும். திரையில் பாடலைத் தாண்டிச் செல்லும் பொத்தான் வரும்; அதைத் தொடாதீர்கள். கடைசி அத்தியாயம் வரை அந்தச் செய்திகளைப் படித்துக்கொண்டே வாருங்கள்.